உரிமம் வாரிசுச் சொத்து அல்ல: துப்பாக்கிச் சட்டத்தின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். புதிதாகத் துப்பாக்கி உரிமம் வாங்கியவர்கள், வாங்க நினைப்பவர்கள், "தாத்தா வைத்திருந்த துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறதே" என்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். அவனுடைய அப்பா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அப்பா பேரில் உரிமம் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்தபடியே நிற்கிறதாம். "சார், இதை என்ன செய்றது?" என்று கேட்டான். ஐந்து நிமிடத்தில் இருபது பதில்கள் வந்துவிட்டன. "அது குடும்ப கௌரவம்டா, விட்றாதே" என்றான் ஒருவன். "லைசென்ஸ்தான் இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்றான் இன்னொருவன். "பேசாம தோட்டத்துல புதைச்சிரு" என்றார் வயதில் மூத்த ஒருவர்.

மூன்றுமே தவறு. அதுவும் ஆபத்தான தவறு. ஏன் என்று விளங்க வேண்டுமானால் இருநூறு வருடக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு வரலாறும் குடிமையியலும் சொல்லிக் கொடுத்தவன். அதனால் முதலில் வரலாறு, பிறகு நடைமுறை. வகுப்பில் எப்படியோ, அப்படியே இங்கும்.

ஆயுதம் வீட்டில் இருந்த காலம்

பாளையக்காரர் காலத்தில் நம் தென்மாவட்டங்களில் ஆயுதம் என்பது அரண்மனைக்கு மட்டும் உரிய பொருளாக இருக்கவில்லை. ஊர்க் காவலுக்குப் போகிறவன் வீட்டிலும் வேலும் வாளும் இருந்தன. வளரியும் இருந்தது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தனக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று பின்னாளில் எழுதி வைத்தார். அதே மருதுவுக்கு எதிரான போரிலும் அவர் கலந்துகொண்டார் என்பதுதான் காலத்தின் கொடுமை.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இதெல்லாம் நீங்கள் பாடத்தில் படித்ததுதான். அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. அந்த வருடம் டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்து, மக்கள் ஆயுதம் தரிக்கும் வழக்கத்துக்கே முடிவு கட்டுவது அதன் நோக்கம். தோற்ற படையிடமிருந்து ஆயுதத்தைப் பறிப்பது போர் வழக்கம். போரில் கலந்துகொள்ளாத ஊர்க்காரனிடமிருந்தும் பறித்ததுதான் இங்கே புதிது.

வட இந்தியாவில் 1857 கிளர்ச்சிக்குப் பிறகு நடந்த ஆயுதப் பறிப்பை எல்லோரும் பேசுவார்கள். அதற்கு ஐம்பத்தாறு வருடம் முன்பே நம் மண்ணில் அது நடந்துவிட்டது. இதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

சட்டம் பிறந்தது எதற்காக?

1857-இல் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே ஆயுதங்களின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றைக் கட்டுப்படுத்த அவசரமாக ஒரு சட்டம் வந்தது. 1860-இல் அதைத் தொடர்ந்து இன்னொன்று. இவற்றுக்கெல்லாம் முத்தாய்ப்பாக 1878-இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இந்திய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. அதே வருடம்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்ட பத்திரிகைச் சட்டமும் வந்தது. ஒரே வருடத்தில் ஒரு கையால் பேனாவையும் மறு கையால் ஆயுதத்தையும் பிடுங்கினார்கள். பத்திரிகைச் சட்டத்தை 1882-இல் ரிப்பன் பிரபு நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டம் மட்டும் வெள்ளைக்காரன் போன பிறகும் பல வருடம் இருந்தது.

1878 சட்டத்தின் பார்வையில் ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டுமல்ல. வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு எல்லாம் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் இந்தியன் இவற்றை எடுத்துக்கொண்டு நடமாட முடியாது. ஆனால் ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. சமஸ்தான ராஜாக்கள், அரசாங்கம் கொடுத்த பட்டங்களை வாங்கியவர்கள் போன்ற சிலருக்கும் விலக்கு உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் விதிகளில் இருந்த அந்த இன வேற்றுமை நீக்கப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "துப்பாக்கி வைத்திருப்பது கௌரவம்" என்ற எண்ணம் நம் குடும்பங்களில் எங்கிருந்து வந்தது? இங்கிருந்துதான். ஊரில் ஆயிரம் பேரிடமிருந்து ஆயுதத்தைப் பறித்து, ஒரே ஒருவரிடம் மட்டும் விட்டு வைத்தால், அந்த ஒருவருக்கு அது அந்தஸ்து ஆகிவிடுகிறது. "துரை நம்மை நம்புகிறார்" என்பதற்கு அது சாட்சி. வரவேற்பறைச் சுவரில் மான் கொம்புக்குக் கீழே துப்பாக்கியை மாட்டி வைத்து, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பெரியவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வீரத்தைக் காட்டவில்லை. தாங்கள் விலக்குப் பெற்றவர்கள் என்பதைக் காட்டினார்கள். கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். சட்டத்தைப் படித்தால் அப்படித்தான் புரிகிறது.

பக்கத்துக் குடகில்

விலக்கு என்றதும் குடகைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குடகு மக்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து 1861-இல் விலக்கு அளிக்கப்பட்டது. 1857-இல் அவர்கள் காட்டிய விசுவாசத்துக்கு அது பரிசு. சுதந்திரத்துக்குப் பிறகும் விலக்கு தொடர்ந்தது. 2019-இல் மத்திய அரசு அதை மேலும் பத்து வருடத்துக்கு நீட்டித்தது. அதை எதிர்த்து ஒரு பொதுநல வழக்கு வந்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்று சொல்லிவிட்டது.

கொடவர்களுக்குக் 'கைல்போல்து' என்று ஒரு பண்டிகை உண்டு. நம் ஆயுத பூஜை மாதிரி துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குவார்கள். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு, சாவு விழுந்தால் இரண்டு வேட்டு என்பது அவர்கள் வழக்கம். அந்தச் சத்தம்தான் அந்த மலையில் ஊருக்குச் செய்தி சொல்லும். ஒன்றைக் கவனியுங்கள். உரிமத்திலிருந்து விலக்கு பெற்ற அவர்களும் நிர்வாகத்திடம் விலக்குச் சான்றிதழ் பெற்றுத்தான் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் யாருடைய கையிலும் காகிதம் இல்லாத துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி.

சென்னையில் எழுந்த குரல்

இந்திய தேசிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு 1887 டிசம்பரில் நம் சென்னையில் நடந்தது. தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அந்த மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அந்தச் சட்டம் மக்களின் விசுவாசத்தின் மேல் தேவையில்லாத களங்கம் சுமத்துகிறது என்பது அவர்கள் வாதம். சட்டத்தையே நீக்க வேண்டும் என்று இளைஞர் பிபின் சந்திர பால் அங்கே ஆவேசமாகப் பேசினார். அவர்களுடைய கோபமெல்லாம் துப்பாக்கி வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. "எங்களை ஏன் சந்தேகப்படுகிறாய்? வெள்ளையனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்பதுதான் கேள்வி.

சட்டத்தால் எல்லாவற்றையும் அடைத்துவிட முடிந்ததா என்றால், இல்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். அவர் சுடப் பழகியது பிரிட்டிஷ் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம்.

காந்தியடிகள் அகிம்சைக்காரர், அவருக்குத் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி என்ன கவலை என்று நினைப்பீர்கள். ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுப்பான செயலாக அவர் கருதினார். 1930 ஜனவரியில், உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்னால், வைஸ்ராய் முன் அவர் வைத்த பதினோரு கோரிக்கைகளை நினைவிருக்கிறதா? உப்பு வரி, நில வரி, மதுவிலக்கு என்று வரிசையாக எழுதச் சொல்லித் தேர்வில் கேட்டிருக்கிறேன். கடைசிக் கோரிக்கையைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவீர்கள். தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும், அது மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதுதான் அது. மறு வருடம் கராச்சி காங்கிரசும் அடிப்படை உரிமைகள் பட்டியலில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சேர்த்தது. சேர்த்தபோதே விதிகளுக்கும் வரையறைகளுக்கும் உட்பட்டு என்றும் எழுதியது. இரண்டிலும் கட்டுப்பாடு என்பது கோரிக்கைக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். கட்டுப்பாடே கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை. கட்டுப்படுத்துவது நம்மைச் சந்தேகப்படும் அந்நியனாக இருக்கக் கூடாது என்றுதான் கேட்டார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் ஒரு கேள்வி

சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அடிப்படை உரிமைகள் பற்றிய விவாதம் நடந்தபோது எச்.வி. காமத் எழுந்து, கராச்சியில் சொன்னதை இப்போது செய்யுங்கள், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேருங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். நியாயமான கேள்விதான். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அதை அடிப்படை உரிமையாக்கினால், வழக்கமாகக் குற்றம் செய்கிறவர்களும் அதே உரிமையைக் கேட்டு நிற்பார்களே, அவர்களை எப்படி மறுப்பது என்பது அவருடைய வாதம். திருத்தம் தோற்றது. இன்று அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில், அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆயுதமின்றி என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை விவாதம் அடங்கியிருக்கிறது!

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்களுக்கு இது வேறுபாடாகத் தெரியும். அங்கே ஆயுத உரிமை 1791 முதல் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இங்கே அது அடிப்படை உரிமை அல்ல. 2023-இல் நம் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது.

சந்தேகத்திலிருந்து பொறுப்புக்கு

1878 சட்டத்தை நீக்கிவிட்டு, நாமே எழுதிக்கொண்டது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. "ரெண்டும் ஒண்ணுதானே சார், லைசென்ஸ் லைசென்ஸ்தானே?" என்று கேட்பவர்களுக்காக மூன்று வேறுபாடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட கருவிகளைப் புதிய சட்டம் ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. கைத்தடியைப் பார்த்து அரசாங்கம் பயப்பட வேண்டியதில்லை அல்லவா?

இரண்டாவது, உரிமம் மறுப்பதென்றால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். துரையின் இஷ்டம் என்ற நிலை போய்விட்டது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 14-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவரிடம் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது. ஜமீன்தார் சுவரில் தொங்கிய துப்பாக்கியின் கௌரவத்தைச் சட்டம் அந்த ஒரு வரியில் கழற்றிப் போட்டுவிட்டது. பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கி கேட்கும் மலையடிவார விவசாயியும், சொந்தப் பாதுகாப்புக்குக் கேட்கும் நகைக்கடைக்காரரும் சட்டத்தின் முன் ஒரே வரிசை. கேட்கப்படுவது ஒன்றுதான்: உனக்கு உண்மையான தேவை இருக்கிறதா? நீ நம்பத் தகுந்தவனா?

இந்த இரண்டாவது கேள்விதான் வருடம் ஆக ஆகக் கூர்மையாகிக்கொண்டே வந்திருக்கிறது. 1983 திருத்தத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று துப்பாக்கி என்று வரம்பு வந்தது. 2019 திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. வாரிசாக வந்த துப்பாக்கிக்கும் இதே வரம்புதான். உரிமத்தின் ஆயுளை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக்கியதும் அதே திருத்தம்தான். கல்யாணம், கோயில் விழா, பொதுக்கூட்டம் போன்ற இடங்களில் மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. உரிமம் இருப்பது இதற்குச் சமாதானம் ஆகாது.

2016 விதிகள் இன்னொரு முக்கியமான மாற்றத்தைக் கொண்டுவந்தன. விண்ணப்பிப்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் மருத்துவர் சான்று வேண்டும். துப்பாக்கியை வீட்டில் எப்படிப் பத்திரமாக வைக்கப் போகிறேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். 1878-இல் அரசாங்கம் கேட்டது, "நீ எனக்கு விசுவாசமானவனா?" இன்று அது கேட்பது, "உன் வீட்டுக் குழந்தை கையில் இது கிடைக்காமல் பார்த்துக்கொள்வாயா?" என் பார்வையில் இந்தச் சட்டத்தின் முழு வரலாறும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கு

இனி நடைமுறை. விண்ணப்பம் போவது மாவட்டத்தில் கலெக்டரிடம், மாநகரங்களில் போலீஸ் கமிஷனரிடம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கைக்கு வந்த பிறகு என்ன என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

உரிமப் புத்தகத்தில் எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, எந்த எல்லைக்குள் செல்லும், எந்தத் தேதி வரை என்று எல்லாம் எழுதியிருக்கும். வாங்கிய அன்றே ஒரு வரி விடாமல் படியுங்கள். மாநிலத்துக்குள் மட்டும் செல்லும் உரிமத்தோடு எல்லை தாண்டினால் குற்றம். புதுப்பிக்க வேண்டிய தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தொலைந்து போனாலோ திருடு போனாலோ உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் இரவல் கிடையாது. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் இருக்கிறது என்பதற்காகக் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. 1972 வனவிலங்குச் சட்டம் தனி, அதற்கான அனுமதியும் தனி.

கையாளும் முறையில் நான்கு விதிகள் உண்டு. உலகம் முழுவதும் துப்பாக்கிப் பயிற்சியில் சொல்லித் தருவது இவைதான். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்யுங்கள்.

ஒன்று, எந்தத் துப்பாக்கியும் எப்போதும் குண்டு போட்டதுதான் என்று நினைத்தே தொடுங்கள். "காலியாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுட்டதில்தான் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன.

இரண்டு, சுட விரும்பாத எதை நோக்கியும் குழல் வாயைத் திருப்பாதீர்கள். விளையாட்டுக்கும் கூடாது, போட்டோவுக்கும் கூடாது.

மூன்று, சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். தடுக்கி விழும்போதோ திடுக்கிடும்போதோ கை தானாக இறுகும். அது உடம்பின் இயல்பு.

நான்கு, குறியை மட்டும் பார்க்காதீர்கள், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ரவை செடியோடு நிற்காது. வானத்தில் சுட்டாலும் குண்டு கீழே வந்தே தீரும். சாய்வாகப் போன குண்டு ஆளைக் கொல்லும் வேகத்தோடு வந்து விழலாம். நம் அறிவியல் வாத்தியார் நடத்தினாரே, எறிபொருளின் பாதை என்று, அதேதான்.

வீட்டில் வைக்கும்போது குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பூட்டிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். தோட்டாக்களை வேறு இடத்தில், வேறு பூட்டில் வையுங்கள். சாவி உரிமதாரரிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நாம் ஒளித்து வைக்கும் பலகாரத்தைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது எம்மாத்திரம்? வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கிறார்கள், குடிப் பழக்கத்தில் இருக்கிறார்கள் என்றால், கொஞ்ச காலத்துக்கு உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ போலீஸ் நிலையத்திலோ துப்பாக்கியை ஒப்படைத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

உரிமதாரர் இறந்துவிட்டால்

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

உரிமம் ஆளுக்குத்தான். துப்பாக்கிக்கு அல்ல, வீட்டுக்கும் அல்ல. அப்பா கண்ணை மூடியதும் அந்தப் புத்தகம் உங்களைக் காப்பாற்றாது. அதன் பிறகு அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதத்தை வைத்திருப்பதுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்ச தண்டனையே இரண்டு வருடம் சிறை. "அப்பாவுடையது" என்பது கோர்ட்டில் எடுபடும் என்று நம்பி இருக்காதீர்கள். புதைப்பதும் ஆற்றில் போடுவதும் இன்னும் மோசம். துப்பாக்கியின் எண் அரசாங்கப் பதிவில் இருக்கிறது. ஒருநாள் அது எங்கே என்று கேட்பார்கள். நீங்கள் புதைத்ததை வேறொருவன் தோண்டி எடுத்துத் தப்பான காரியத்துக்குப் பயன்படுத்தினால் என்ன செய்வீர்கள்?

சட்டம் காட்டும் வழி எளிது. 21-ஆவது பிரிவின்படி, தேவையில்லாமல் தாமதிக்காமல் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் அல்லது உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்துவிட வேண்டும். எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று பயந்து இன்னும் எட்டு மாதம் ஒளித்து வைக்காதீர்கள். இன்றைக்கே செய்யுங்கள். முதலில் இறப்புச் சான்றிதழ், உரிமப் புத்தகம் இவற்றின் நகலோடு போலீஸ் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களையே கேட்டுவிட்டு, அதன்படி ஒப்படையுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒப்படைத்தால் போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. வாரிசுகளில் ஒருவர் தன் பேரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிடைத்தால் மீட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் ஆயுதக் கடை வழியாக உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை வாங்கி 25 வருடம் ஆகிவிட்டாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கவும் விதிகளில் வழி இருக்கிறது. பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். நிலப் பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம், நகையைப் பற்றிப் பேசுகிறோம். இதையும் பேசலாமே.

இன்னொரு எச்சரிக்கை. பரணில் கிடக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கிட்டித்தபடியே இருக்கலாம். குழலைத் திறந்து பார்க்கும் வசதி அதில் இல்லை. கருமருந்து நனையாமல் இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் உயிரோடுதான் இருக்கும். அதனால் விசையை இழுத்துப் பார்ப்பது, கேப்பு வைத்துப் பார்ப்பது, பட்டறையில் கொடுத்துச் சூடு காட்டுவது எதுவும் வேண்டாம். விவரம் தெரிந்தவர் பார்க்கட்டும். பழைய தோட்டாக்களைக் குப்பையிலோ அடுப்பிலோ போடாதீர்கள். துப்பாக்கியோடு சேர்த்தே ஒப்படையுங்கள். பேரப் பிள்ளைகள் வாங்கும் ஏர்கன்னும் விளையாட்டுச் சாமான் அல்ல. கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

கடைசியாக ஒரு வரலாற்று ஆசிரியனின் வேண்டுகோள். துப்பாக்கியை ஒப்படையுங்கள். உரிமப் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கலெக்டர் கையெழுத்துப் போட்டார், என்ன காரணத்துக்காகக் கொடுத்தார்கள், வருடா வருடம் எவ்வளவு கட்டணம், எங்கே முத்திரை என்று எல்லாம் அதில் இருக்கும். உங்கள் ஊரின் வரலாறு அது. நினைவாக வைத்துக்கொள்ள அந்தப் படங்கள் போதும்.

இப்படி யார் வீட்டிலாவது துப்பாக்கி இருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் தனியாகப் போன் செய்யுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றதற்கு நல்ல வக்கீலிடம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்